வந்தவரைப் பணியாளராக்கும் சபை

(இறையழைத்தல் ஞாயிறு வானொலி மறையுரையின் எழுத்து வடிவம்)



இன்று பாஸ்கா காலத்தின் நான்காம் ஞாயிறு. இதை நல்லாயன் ஞாயிறு என்கிறோம். திருத்தந்தை புனித ஆறாம் பவுல் ஏற்படுத்தியபடி, 1964-ஆம் ஆண்டு முதல் உலகெங்கும் உள்ள திருஅவை இறையழைத்தலுக்காகச் சிறப்பாக மன்றாடும் நாளும் இதுதான்.

இந்த நாளில் நாம் வழக்கமாகச் சொல்லும் மன்றாட்டு ஒன்று உண்டு. "ஆண்டவரே, எங்கள் பங்கிலிருந்து நல்ல குருக்களையும் துறவியரையும் தாரும்" என்று கேட்போம். நல்ல மன்றாட்டுதான். அதைச் சொல்லும்போது நம் மனக்கண்ணில் என்ன தெரிகிறது? பக்தியுள்ள ஒரு குடும்பம். அந்த வீட்டில் பீடச் சிறுவனாக இருந்த ஒரு பையன். ஒரு நாள் தனியாகச் செபிக்கும்போது உள்ளத்தில் ஒரு குரல் கேட்கிறது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு குருமடத்துக்குப் போகிறான். அப்படியும் நடக்கிறது, இறைவனுக்கு நன்றி. ஆனால் திருவிவிலியத்தைப் பொறுமையாகப் புரட்டினால் வேறொரு வழியையும் பார்க்கிறோம். யாரோ ஒருவர் கதவைத் திறக்கிறார். யாரோ ஒருவர் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். யாரோ ஒருவர் ஒரு பொறுப்பைக் கையில் கொடுக்கிறார். அந்தப் பொறுப்பைச் செய்துகொண்டிருக்கும்போது ஆண்டவருடைய அழைப்பு தெளிவாகிறது.

ஆக, இன்று நாம் கேட்க வேண்டிய கேள்வி இது: நம் பங்கு ஆண்டவருடைய அழைப்பு கேட்கும் இடமாக இருக்கிறதா?

திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில் வாழும் நமக்கு இந்தக் கேள்வி இன்னும் அருகில் வருகிறது. ஏனென்றால் நம் பகுதியே வந்தவர்களால் ஆன பகுதி. பழவேற்காட்டில் மகிமை மாதா ஆலயம் இருக்கிறது. 1515-ஆம் ஆண்டில் போர்த்துக்கீசியர் காலத்தில் எழுந்தது என்று சொல்லப்படுகிற தொன்மையான ஆலயம் அது. கடல் வழியாக வந்தவர்கள் கொண்டுவந்த விசுவாசம், கடலோர மக்களின் விசுவாசமாக வேரூன்றிய இடம். பிறகு கும்மிடிப்பூண்டியில் சிப்காட் வந்தது. காக்களூரில் தொழிற்பேட்டை வந்தது. தூத்துக்குடி, கன்னியாகுமரி, சிவகங்கை, திண்டுக்கல் என்று தெற்கிலிருந்து குடும்பங்கள் வேலைக்கு வந்தன. வாடகை வீட்டில் தொடங்கி, சொந்த மனை வாங்கி, வீடு கட்டி, இன்று அன்பியப் பொறுப்பாளர்களாகவும் பங்குப் பேரவை உறுப்பினர்களாகவும் இருக்கிறீர்கள். இலங்கையில் போர் மூண்டபோது ஈழத்துத் தமிழ் மக்கள் வந்தார்கள். கும்மிடிப்பூண்டியில் அவர்களுக்குப் பெரிய முகாமே அமைந்தது. அகதிகள் முகாம் என்று சொல்லிவந்த அந்தப் பெயரை, 2021-ஆம் ஆண்டில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் என்று தமிழக அரசு மாற்றியதும் உங்களுக்குத் தெரியும்.

இப்போது யார் வருகிறார்கள்? ஜார்க்கண்ட், ஒடிசா, சத்தீஸ்கர், பீகார், மேற்கு வங்கம், அசாம் மாநிலங்களிலிருந்து இளைஞர்கள் வருகிறார்கள். இரும்பு உருக்கும் ஃபர்னஸ் முன்னால் நிற்பவர்கள், ரோலிங் மில்லில் வேலை பார்ப்பவர்கள், செங்கல் சூளையில் குடும்பத்தோடு தங்கிக் கல் அறுப்பவர்கள் எல்லாரும் இவர்கள்தான். 2020-ஆம் ஆண்டு ஊரடங்கின்போது கொல்கத்தா நெடுஞ்சாலையில் மூட்டையோடு வடக்கு நோக்கி நடந்தவர்களும் இவர்கள்தான்.

அவர்களில் கத்தோலிக்கரும் இருக்கிறார்கள். ஞாயிறு திருப்பலியில் கடைசி வரிசையில், செருப்பு விடுகிற இடத்துக்குப் பக்கத்தில் நிற்பார்கள். திருப்பலி முடிந்ததும் பேசாமல் போய்விடுவார்கள். அவர்களைப் பற்றிப் பேசத்தான் இன்று உங்களை அந்தியோக்கியாவுக்கு அழைத்துப் போகிறேன்.

அன்பானவர்களே, பாஸ்கா காலம் முழுவதும் நாம் வாசிப்பது திருத்தூதர் பணிகள் நூல். அதன் 11-ஆம் அதிகாரத்தில் அந்தியோக்கியா வருகிறது. பெரிய நகரம், வாணிபம் நடக்கிற நகரம், பல மொழிகள் பேசப்படுகிற நகரம். அங்கே திருஅவையைத் தொடங்கியவர்கள் யார்? பேதுருவா? யோவானா? இல்லை. ஸ்தேவான் கொல்லப்பட்டபின் எருசலேமில் கலவரம் ஏற்பட்டு, உயிர் பிழைக்க ஓடிவந்தவர்கள். சைப்பிரசு தீவிலிருந்தும் சிரேன் நகரிலிருந்தும் வந்த சிலர், தங்கள் இனத்தாரோடு நிற்காமல் கிரேக்கரிடமும் ஆண்டவர் இயேசுவைப் பற்றிப் பேசினார்கள். அவர்கள் பெயர்கூட நமக்குத் தெரியாது. பெயர் தெரியாத இடம்பெயர்ந்தோர் தொடங்கிய சபை அது.

செய்தி எருசலேமுக்குப் போகிறது. அங்கிருந்து பர்னபாவை அனுப்புகிறார்கள். பர்னபா வந்து பார்க்கிறார். இவர்களுக்கு முறையாகத் தெரியுமா, எந்தச் சாதி, எந்த மொழி என்று விசாரணை நடத்தவில்லை. கடவுளின் அருள் அங்கே வேலை செய்வதைக் கண்டு மகிழ்ச்சி அடைந்தார் என்று லூக்கா எழுதுகிறார். அதற்கடுத்து அவர் செய்ததைக் கவனியுங்கள். அந்தியோக்கியாவை விட்டுப் புறப்பட்டு, தர்சு நகருக்குப் போய், சவுலைத் தேடுகிறார்.

சவுல் ஏன் தர்சுவில் இருக்கிறார்? தமஸ்கு செல்லும் வழியில் ஆண்டவர் அவரை அழைத்தார் அல்லவா? அழைத்தார். ஆனால் அந்த அழைப்பிலும் ஆண்டவர் எல்லாவற்றையும் அங்கேயே சொல்லி முடிக்கவில்லை. நகருக்குள் போ, அங்கே உனக்குச் சொல்லப்படும் என்று ஒரு சபையிடம் அனுப்பினார். கண் தெரியாமல் கிடந்தவரிடம் அனனியா வந்தார். தங்களைச் சிறைபிடிக்க வந்த அந்த மனிதரைச் சகோதரர் என்று அழைத்தார். சவுல் கிறிஸ்தவராகக் கேட்ட முதல் வார்த்தை அதுதான். பிறகு எருசலேமுக்குப் போனார். அங்கே எல்லாரும் அஞ்சினார்கள். நம்பவில்லை. அன்றும் பர்னபாதான் கைப்பிடித்துத் திருத்தூதரிடம் கூட்டிப் போனார். ஆனால் எதிர்ப்பு வலுத்தபோது சகோதரர்கள் அவரைச் சொந்த ஊரான தர்சுவுக்கு அனுப்பிவிட்டார்கள். அந்தத் தர்சு நாள்களில் சவுல் என்ன செய்தார் என்று திருத்தூதர் பணிகள் நூல் ஒரு வரிகூடச் சொல்லவில்லை. திருஅவையின் மிகப் பெரிய மறைப்பணியாளர், தேட ஆள் இல்லாமல் ஒரு மூலையில் இருந்தார்.

பர்னபா தேடிப்போனார். கண்டுபிடித்தார். அழைத்துவந்தார். ஓராண்டு முழுவதும் இருவரும் அந்தச் சபையோடு கூடியிருந்து கற்பித்தார்கள். அடுத்து யூதேயாவில் பஞ்சம் வந்தபோது, அந்தியோக்கிய மக்கள் காணிக்கை திரட்டினார்கள். அந்தப் பணத்தை யார் கையில் கொடுத்து அனுப்பினார்கள்? பர்னபா, சவுல் இருவர் கையில். சகோதரர்களே, ஒரு காலத்தில் கிறிஸ்தவர் வீடு வீடாகப் புகுந்து மக்களை இழுத்துக்கொண்டு போனவர் சவுல். அவர் கையில் சபையின் காணிக்கைப் பணம்! நம்பிக்கை என்றால் இதுதான்.

இதற்கெல்லாம் பிறகுதான் 13-ஆம் அதிகாரம் வருகிறது. சபை நோன்பிருந்து ஆண்டவரை வழிபட்டுக்கொண்டிருந்தபோது தூய ஆவியார் பேசுகிறார்: பர்னபாவையும் சவுலையும் நான் அழைத்த பணிக்காகப் பிரித்துக் கொடுங்கள் என்கிறார். குரல் சவுலின் அறையில் தனியாகக் கேட்கவில்லை. வழிபாட்டில் கூடியிருந்தவர்கள் நடுவில் கேட்டது. அந்தக் கூட்டத்தில் யார் யார் இருந்தார்கள் என்று பாருங்கள். சைப்பிரசுக்காரர் பர்னபா, நீகர் எனப்பட்ட சிமியோன், ஆப்பிரிக்கக் கரையிலுள்ள சிரேன் ஊர் லூக்கியு, ஏரோதுவோடு வளர்ந்த மனாயின், தர்சு ஊர்ச் சவுல். பட்டியலைப் பார்த்தால் பல ஊர்க்காரர்கள் தங்கியிருக்கிற நம் சிப்காட் பகுதி வரிசை வீடு மாதிரி இருக்கிறது! இப்படிப்பட்ட ஒரு சபையில்தான் முதல்முதலாகச் சீடர்கள் கிறிஸ்தவர்கள் என்று பெயர் பெற்றார்கள்.

வரிசையைக் கவனித்தீர்களா? முதலில் வரவேற்பு. அடுத்து வேலை. அடுத்து நம்பிக்கை. அதற்கப்புறம் அழைப்பு. வரவேற்பு வாசலோடு நின்றுபோனால் இந்த வரிசை நகராது. உட்கார நாற்காலி கொடுத்தோம், பிரியாணிப் பொட்டலம் கொடுத்தோம், கிறிஸ்து பிறப்புக்குப் போர்வை கொடுத்தோம் என்பதெல்லாம் நல்ல செயல்கள். ஆனால் பத்து ஆண்டு ஆகியும் விருந்தாளியாகவே வைக்கப்பட்டவர், அந்த வீட்டுப் பிள்ளை ஆக மாட்டார். நம் வீடுகளில் என்ன நடக்கும்? விருந்தாளியைச் சமையலறைக்குள் விட மாட்டோம். சொந்தக்காரர் வந்தால், "அண்ணி, அந்தத் தேங்காயைக் கொஞ்சம் துருவிக் கொடுங்க" என்போம். வேலை சொன்னால் உறவு என்று அர்த்தம்.

அன்பு நேயர்களே, இது விவிலியக் காலத்தோடு முடிந்துவிடவில்லை. நம் தமிழ் மண்ணில் மலர்ந்த புனிதர் தேவசகாயம் வாழ்விலும் இதையே பார்க்கிறோம். 1712-ஆம் ஆண்டு நட்டாலத்தில் பிறந்த நீலகண்டன், திருவிதாங்கூர் அரசில் பொறுப்பான அலுவலர். 1741-இல் குளச்சல் போர் நடந்தது. டச்சுக்காரர் தோற்றார்கள். சிறைப்பட்டவர்களில் ஒருவர் தளபதி டிலனாய். கைதியாக வந்த அந்த அந்நியர், பின்னர் மன்னர் மார்த்தாண்ட வர்மரின் படைக்கே பயிற்சி தருபவரானார். அவர் கத்தோலிக்கர். நீலகண்டன் கால்நடைகளையும் உடைமைகளையும் இழந்து மனம் உடைந்திருந்தபோது, டிலனாய் அவரிடம் யோபுவின் கதையைச் சொன்னார். ஆறுதல் தேவைப்பட்ட உள்ளூர்க்காரருக்கு, ஊர் பெயர் தெரியாத அந்நியர் வழியாக ஆண்டவர் பேசினார்.

நீலகண்டன் விசுவாசத்தைக் கேட்டு வந்தபோது டிலனாய் அவரை வடக்கன்குளத்துக்கு, இயேசு சபைக் குரு புத்தாரி அடிகளாரிடம் அனுப்பினார். அடிகளார் உடனே தண்ணீர் ஊற்றிவிடவில்லை. இதனால் வரும் ஆபத்து அவருக்குத் தெரியும். காத்திருக்க வைத்தார். கற்பித்தார். சோதித்துப் பார்த்தார். 1745-ஆம் ஆண்டு மே மாதம் திருமுழுக்குக் கொடுத்தார். லாசர் என்ற பெயரின் பொருளைத் தமிழில் சொல்லி, தேவசகாயம் என்று பெயரிட்டார். துணைவியார் பார்கவியும் ஞானப்பூ என்ற பெயரில் திருமுழுக்குப் பெற்றார்.

தேவசகாயம் குருவாகவில்லை. துறவி ஆகவில்லை. குடும்பத்தலைவராக இருந்தபடியே கிறிஸ்துவை அறிவித்தார். எந்தச் சாதியாராக இருந்தாலும் சமமாகப் பழகினார். அதுதான் மேலிடத்தில் இருந்தவர்களுக்குப் பொறுக்கவில்லை. 1749-இல் கைதானார். 1752-ஆம் ஆண்டு சனவரி 14 அன்று காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022-ஆம் ஆண்டு மே 15 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக உயர்த்தினார். இந்தியாவின் முதல் பொதுநிலைப் புனிதர். அந்தப் பெயர் அறிவிக்கப்பட்டபோது, முன்பு கூடவே எழுதப்பட்ட சாதிப் பெயர் இல்லை. வெறும் தேவசகாயம். திருமுழுக்கில் சபை கொடுத்த பெயர் மட்டும்.

இந்த இடத்தில் ஒரு வேதனையான வரலாற்றையும் சொல்லியாக வேண்டும். தேவசகாயத்தை வரவேற்ற அதே வடக்கன்குளத்தில், 19-ஆம் நூற்றாண்டில் ஓர் ஆலயம் கட்டப்பட்டது. கால்சட்டையின் இரண்டு கால்களைப் போல, இரு கூடங்கள் ஒரே பீடத்தில் வந்து சேரும். ஒரு கூடம் ஒரு சாராருக்கு, மறு கூடம் மற்றவர்களுக்கு. இரு பக்கத்தாரும் பீடத்தைப் பார்க்கலாம். ஒருவரையொருவர் பார்க்க முடியாது. நடுவில் சுவர். 1910-ஆம் ஆண்டில் கௌசானல் அடிகளார் காலத்தில் அந்தச் சுவர் இடிக்கப்பட்டது. அதை எதிர்த்து வழக்குப் போட்டார்கள். சென்னை உயர் நீதிமன்றம் வரை போனார்கள். சுவர் வேண்டும் என்று கேட்டுப் போன வழக்கு அது, சகோதரர்களே. தோற்றுப்போனது.

ஏன் இதைச் சொல்கிறேன்? வரவேற்பு என்பது ஒருமுறை செய்து முடிக்கிற காரியம் இல்லை. ஒரு தலைமுறை திறந்த கதவை அடுத்த தலைமுறை மூடலாம். நேற்று வந்தவர்களே இன்று வருபவர்களுக்குச் சுவர் எழுப்பலாம். நம் ஆலயங்களில் செங்கல் சுவர் இல்லை. ஆனால் "வடக்கத்தியான்" என்ற சொல் ஒரு சுவர். "முகாம்காரங்க" என்பது ஒரு சுவர். "அவங்க அந்தத் தெரு அன்பியம்" என்று சொல்லும்போது, தெருவின் பெயருக்குப் பின்னால் சாதியின் பெயர் ஒளிந்திருந்தால் அதுவும் சுவர்தான். எல்லாரும் பீடத்தைப் பார்க்கிறோம். ஒருவரையொருவர் பார்க்கிறோமா?

கடைசி வரிசையில் நிற்கும் அந்த இளைஞரை இப்போது நினைத்துப் பாருங்கள். அவர் ஜார்க்கண்டில் சிம்டேகா பக்கம் ஒரு கிராமத்திலிருந்து வந்தவர் என்று வைத்துக்கொள்வோம். சோட்டா நாக்பூர் மலைப்பகுதிக்கு 1885-இல் வந்த பெல்ஜியம் நாட்டு இயேசு சபைக் குரு கான்ஸ்டன்ட் லீவன்ஸ், பழங்குடி மக்கள் தங்கள் நிலத்தை இழக்காதபடி அவர்களோடு நின்றார். அந்த மலைகளில் உராவோன், முண்டா, கரியா மக்கள் ஆயிரக்கணக்கில் கிறிஸ்துவைத் தழுவினார்கள். அந்த விசுவாசத்தின் கொள்ளுப்பேரன் இந்த இளைஞர். அவருடைய ஊரில் குருவானவர் எல்லா ஞாயிறும் வர முடியாது. காடும் மலையும் தாண்ட வேண்டும். குரு வராத நாளில் கிராமத்து உபதேசியார் மக்களைக் கூட்டி செபம் நடத்துவார், வாசகம் வாசிப்பார், நோயாளி வீட்டுக்குப் போவார். ஒருவேளை இவருடைய அப்பா அந்த உபதேசியாராக இருக்கலாம். ஒருவேளை இவரே மத்தளம் வாசித்துப் பாடல் நடத்தியவராக இருக்கலாம். ஊரில் பணியாளர், இங்கே கடைசி வரிசை. ஊரில் அவருக்கு ஆண்டவர் கொடுத்த வரம், இங்கே யாரும் கேட்காததால், ஷிஃப்டுக்கும் தூக்கத்துக்கும் நடுவில் காய்ந்துபோகிறது. தர்சுவில் இருந்த சவுலைத் தேட ஒரு பர்னபா போனார். இவரைத் தேட யார் போவது?

அன்பார்ந்தவர்களே, பெரிய திட்டம் எதுவும் வேண்டாம். இந்த ஞாயிறு திருப்பலி முடிந்ததும் அவரிடம் போய் ஒரு கேள்வி கேளுங்கள். "ஊர்ல கோயில்ல என்ன பண்ணிட்டு இருந்தீங்க, தம்பி?" அவ்வளவுதான். இந்தி தெரியாவிட்டால், தெரிந்த ஒரு பிள்ளையைக் கூட்டிப் போங்கள். எங்கிருந்து வந்தீர்கள், எந்தக் கம்பெனி, எவ்வளவு சம்பளம் என்று எல்லாரும் கேட்டிருப்பார்கள். கோயிலில் என்ன செய்தீர்கள் என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அந்தக் கேள்வியில் அவர் தொழிலாளி என்பது போய், உடன் விசுவாசி ஆகிறார்.

பதில் வந்தபின் ஒரு வேலை கொடுங்கள். பங்குத்தந்தையிடம் பேசி, விசுவாசிகள் மன்றாட்டில் ஒன்றை அவர் மொழியிலேயே சொல்லட்டும். நற்கருணைப் பாடல்களில் ஒன்றைச் சாத்ரி மொழியில் பாடட்டும். பொருளை ஒருவர் முன்கூட்டியே தமிழில் சொல்லிவிடலாம். தங்கியிருக்கும் அறைகளில் கத்தோலிக்கர் எத்தனை பேர் என்று பெயர் எழுதி வரும் பொறுப்பைக் கொடுங்கள். யாராவது விபத்தில் அடிபட்டு மருத்துவமனையில் இருந்தால் பார்த்துவரச் சொல்லுங்கள். ஞாயிறும் வேலை இருப்பவர்களுக்கு, ஷிஃப்ட் நேரத்தை அவர்களிடமே கேட்டு, அதற்கேற்ற செப நேரம் ஒன்றை ஏற்பாடு செய்யுங்கள். காலை எட்டு மணித் திருப்பலிக்கு வரவில்லை என்று குறை சொல்வதற்குமுன், அவர் நைட் ஷிஃப்ட் முடிந்து வந்து எத்தனை மணிக்குப் படுத்தார் என்று கேட்க வேண்டாமா?

இது புதிய கண்டுபிடிப்பு அல்ல. 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்த புனித பிரான்சிஸ் சவேரியார், ஊர் ஊராகத் தனி ஆளாகச் சுற்றினார். எல்லா நோயாளிகளையும் பார்க்க அவரால் முடியவில்லை. என்ன செய்தார்? செபம் கற்ற சிறுவர்களை நோயாளிகளின் வீடுகளுக்கு அனுப்பினார். நேற்றுத்தான் திருமுழுக்குப் பெற்ற ஊரின் பிள்ளைகள், இன்று பணியாளர்கள்! ஊருக்கு ஒருவரைப் பொறுப்பாக வைத்து மக்களுக்குச் செபங்களைக் கற்றுக்கொடுக்கச் செய்தார். நம் தமிழ்த் திருஅவையில் உபதேசியார்களும் கோயில்பிள்ளைகளும் இந்த வழியில் வந்தவர்கள். குரு வராத ஊர்களில் விசுவாசம் அணையாமல் இருந்ததற்கு அவர்களே காரணம்.

திருத்தந்தை பிரான்சிஸ் இதை நமக்கு மீண்டும் நினைவூட்டினார். 2021-ஆம் ஆண்டு சனவரியில், வாசகர் பணியும் பீடப் பணியும் பெண்களுக்கும் முறையாக வழங்கப்படலாம் என்று திருஅவைச் சட்டத்தை மாற்றினார். அதே ஆண்டு மே 10 அன்று, மறைக்கல்வியாளர் பணியைத் திருஅவையின் நிலையான பொதுநிலையினர் பணியாக ஏற்படுத்தினார். ஆக, அழைத்தல் என்றால் குருமடமும் கன்னியர் மடமும் மட்டும்தான் என்று நினைக்கும் காலம் முடிந்தது. குருக்கள் வேண்டும், அதற்காக இன்று முழங்காலிட்டு மன்றாடுகிறோம். ஆனால் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி, முகம் கழுவிவிட்டு மறைக்கல்வி வகுப்புக்கு ஓடிவரும் தங்கையும் அழைக்கப்பட்டவர்தான். முகாமில் முதியவர்களுக்கு நற்கருணை கிடைக்கும்படி பங்குத்தந்தைக்குத் தகவல் சொல்லும் அம்மாவும் அழைக்கப்பட்டவர்தான்.

இப்போது இளையோரே, உங்களிடம் இரண்டு வார்த்தை. ஆண்டவர் என்னை அழைக்கிறாரா என்று சந்தேகத்தோடு இருக்கிறீர்களா? கனவு வரும், காட்சி வரும் என்று காத்திருக்காதீர்கள். உங்கள் பங்கில் உங்களிடம் என்ன கேட்கிறார்கள் என்று பாருங்கள். "தம்பி, நீ வந்தா பிள்ளைங்க அமைதியா உட்காருதுங்க", "பாப்பா, நீ வாசிச்சா புரியுது" என்று மூத்தவர்கள் சொல்லும் சாதாரண வார்த்தைகளில் ஆண்டவருடைய குரல் இருக்கக்கூடும். அதேவேளையில், சபை உங்களைக் காத்திருக்கச் சொன்னால் மனம் கசக்காதீர்கள். தேவசகாயமும் காத்திருந்தார். சோதித்துப் பார்க்காமல் கொடுக்கிற பொறுப்பு, பெறுகிறவருக்கும் நல்லதல்ல, மக்களுக்கும் நல்லதல்ல. சிறிய வேலையில் உண்மையாக இருங்கள். அதுவே அடுத்த வேலைக்கு வழி காட்டும்.

வடக்கிலிருந்து வந்து, தமிழ் கொஞ்சம் கற்றுக்கொண்டு, இந்த வானொலியைக் கேட்கும் சகோதரரே, சகோதரியே, உங்களுக்கும் சொல்கிறேன். நீங்கள் இங்கே வேலைக்கு வந்திருக்கிறீர்கள், உண்மை. ஆண்டவர் உங்களை இங்கே கொண்டுவந்ததற்கு வேறு காரணமும் இருக்கலாம். உங்கள் பிள்ளைகள் இங்குள்ள அரசுப் பள்ளியில் தமிழ் படிக்கிறார்கள். வீட்டில் உங்கள் தாய்மொழி பேசுகிறார்கள். இரண்டு மொழியிலும் நற்செய்தியைச் சொல்லக்கூடிய ஒரு குரு, ஒரு அருள்சகோதரி, ஒரு மறைக்கல்வியாளர் நம் பகுதிக்கு மிகவும் தேவை. அந்தப் பிள்ளை உங்கள் வீட்டில் வளர்ந்துகொண்டிருக்கலாம். கடைசி வரிசையிலிருந்து கொஞ்சம் முன்னால் வாருங்கள். இது உங்கள் கோயில்.

பங்குப் பேரவையினரே, அன்பியப் பொறுப்பாளர்களே, நம் பகுதியில் அழைத்தல் குறைந்துவிட்டது என்று வருந்துகிறோம். வருந்துவதோடு எண்ணிப் பார்க்கவும் வேண்டும். கடந்த ஓர் ஆண்டில் நம் பங்குக்குப் புதிதாக வந்தவர்கள் எத்தனை பேர்? அவர்களில் எத்தனை பேருடைய பெயர் நமக்குத் தெரியும்? எத்தனை பேருக்கு ஏதாவது ஒரு பொறுப்பு கொடுத்திருக்கிறோம்? மூன்றாவது கேள்விக்கான விடையில்தான் நாளைய அழைத்தல்கள் இருக்கின்றன. நல்லாயன் தம் ஆடுகளைப் பெயர் சொல்லி அழைக்கிறார் என்று யோவான் எழுதுகிறார். அவர் அழைப்பதற்கு இன்று நம் வாய்தான் இருக்கிறது. பெயரே தெரியாமல் எப்படி அழைப்போம்?

மன்றாடுவோம்.

நல்ல ஆயனாகிய ஆண்டவரே, பழவேற்காட்டுக் கடற்கரையிலும், தொழிற்பேட்டைத் தெருக்களிலும், செங்கல் சூளைகளிலும், முகாமிலும் வாழும் உம் மக்களைக் கண்ணோக்கும். புனித தேவசகாயத்தின் பரிந்துரையால், எங்களிடையே எழும் சுவர்களை இடித்தருளும். வந்தவரைச் சகோதரர் என்று அழைக்க அனனியாவின் துணிவையும், மறக்கப்பட்டவரைத் தேடிப்போக பர்னபாவின் மனதையும் எங்களுக்குத் தாரும். எங்கள் நடுவே நீர் ஏற்கெனவே அழைத்திருக்கும் பணியாளர்களை நாங்கள் கண்டுகொள்ளவும், அவர்கள் கையில் உமது வேலையை நம்பிக்கையோடு ஒப்படைக்கவும் அருள்தாரும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக உம்மை மன்றாடுகிறோம். ஆமென்.